வயிற்றுக் கொழுப்பை எடுத்து முழங்காலில் போட்டால் ஜவ்வு வளருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, எடை 78 கிலோ. பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்துவிட்டது, எக்ஸ்ரேயில் ‘கிரேடு 4’ என்று போட்டிருக்கிறது. ஆபரேஷன் என்றாலே பயப்படுகிறார். ஒரு சிகிச்சை மையத்தில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து மூட்டில் ஊசியாகப் போட்டால் ஜவ்வு திரும்ப வளரும், ஆபரேஷனே தேவையில்லை என்கிறார்கள். இரண்டு காலுக்கும் மூன்றரை லட்சம். நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறோம். செய்யலாமா, டாக்டர்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்டெம் செல் என்பது புதுச் செல்களை உண்டாக்கக்கூடிய மூல செல். அதுவே ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தார்கள். அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களில் அது இன்று சாதாரண நடைமுறை. இன்னொருவரின் ரத்த ஸ்டெம் செல்லை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால், அது ரத்த ஓட்டத்தோடு போய் எலும்பு மஜ்ஜையைத் தேடிப் பிடித்து அங்கே குடியேறி, புது ரத்தம் உண்டாக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் போகும் வழியும் தெரியும், செய்யும் வேலையும் தெரியும்.

கண்ணிலும் அப்படித்தான். சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடும் குழந்தைகளுக்கு அது வெடித்துக் கண்ணில் தெறித்து, கருவிழியே வெந்துபோவது உண்டு. நல்ல கண்ணின் கருவிழி ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் துளித் திசுவை எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, கெட்டுப்போன கண்ணில் பதியவைத்து வளர்க்கும் முறையை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனைக் குழுவினர் 2012-இல் வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் அதைச் செய்கிறார்கள். கருவிழி ஓரத்து ஸ்டெம் செல்லின் வேலையே கருவிழி மேல்தோலைப் புதுப்பிப்பதுதான், அதனால் அது பலிக்கிறது.

முழங்கால் வேறு கதை. நாம் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அடிபட்டால் தானாக ஆறும் திறனும் மிகக் குறைவு. கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை அங்கே ஊசியில் விட்டால் அது வேர் பிடித்து ஜவ்வாக மாறிவிடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான செல்கள் சில நாட்களில், வாரங்களில் காணாமல் போய்விடுகின்றன. இருக்கும்வரை சில ரசாயனங்களைச் சுரந்து மூட்டு வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். அதனால் வலி குறையலாம். வலி குறைவதும் ஜவ்வு வளர்வதும் ஒன்றா?

அந்த வலிக் குறைப்பாவது மற்ற ஊசிகளைவிட அதிகமா? அமெரிக்காவில் சுமார் 475 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். சொந்த எலும்பு மஜ்ஜைச் செல், சொந்தக் கொழுப்புச் செல், தொப்புள்கொடிச் செல் என்று மூன்று வகை. மூன்றையும், வீக்கத்தைத் தணிக்கும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. ஸ்டீராய்டு ஊசி என்ன விலை என்று உங்கள் ஊர் மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

‘இந்தியாவில் இதற்கு அரசே அனுமதி கொடுத்திருக்கிறது’ என்று அந்த மையத்தில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பெங்களூரு நிறுவனம் ஒன்று, ஆரோக்கியமானவர்கள் தானம் தந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்துத் தயாரிக்கும் செல் மருந்துக்கு முழங்கால் தேய்மானத்துக்காக 2022-இல் அனுமதி கிடைத்தது. ஒரு ஊசியில் இரண்டரைக் கோடி செல். ஆய்வில், ஒப்பீட்டுக்காகச் செல் இல்லாத ஊசி போட்டவர்களைவிட இதைப் போட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அது கிரேடு 2, 3 தேய்மானத்துக்குத்தான். அம்மாவுக்கு 4, அதாவது எலும்போடு எலும்பு உரசும் நிலை. தவிர, உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது அந்த மருந்தே இல்லை, அம்மாவின் சொந்தக் கொழுப்பு. ஒன்றுக்குக் கிடைத்த அனுமதியை இன்னொன்றுக்குக் காட்டுவது பழைய தந்திரம்.

இதைவிட மட்டமானதையும் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கனத்த ஃபைலோடு வந்தார். பில்லில் ‘செல் தெரபி’ என்று இருந்தது. என்ன செய்தார்கள் என்று கேட்டேன். “கையில ரத்தம் எடுத்தாங்க, மெஷின்ல சுத்தினாங்க, மேல தெளிஞ்சு நின்ன மஞ்சத் தண்ணிய முட்டியில போட்டாங்க சார்” என்றார். அது பி.ஆர்.பி., அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மா என்ற ரத்த நீர். அதற்கும் ஸ்டெம் செல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த மையத்துக்குத் திரும்பப் போனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இது ஆய்வா, சிகிச்சையா?” ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்கும், சி.டி.ஆர்.ஐ. எண் என்பார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், தமிழில் எழுதிய சம்மதப் படிவமும் இருக்கும். ஆய்வுக்கு வருபவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. சிகிச்சைதான் என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றதையெல்லாம் ஆய்வாக மட்டுமே செய்யச் சொல்கின்றன என்று சொல்லிப் பாருங்கள்.

சொந்தச் செல்தானே, கெடுதல் ஒன்றும் வராது என்றும் நினைக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்கு மூட்டுக்குள் சீழ் பிடித்தால் அது பெரிய அவஸ்தை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சொந்தக் கொழுப்புச் செல்லைக் கண்ணுக்குள் போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை போனதை 2017-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள்.

சரி, அம்மாவுக்கு என்ன செய்யலாம்? ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. அஞ்சு கிலோ குறைத்தாலே அவருக்கு வித்தியாசம் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி அஞ்சு வரை எண்ணி இறக்கச் சொல்லுங்கள். காலையில் பத்து தடவை, மாலையில் பத்து தடவை. தரையில் சம்மணம், குத்துக்கால், இந்தியக் கழிப்பறை மூன்றையும் நிறுத்திவிடுங்கள். எந்தக் காலில் வலி அதிகமோ அதற்கு எதிர்க் கையில் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும். பலபேர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள்.

இத்தனை செய்தும் ராத்திரித் தூக்கம் கெடுகிற அளவுக்கு வலி இருந்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி. அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். அம்மாவின் பயம் எதைப் பற்றியது என்று முதலில் கேளுங்கள். மயக்க மருந்தா, படுத்த படுக்கையாகிவிடுவோம் என்பதா? பெரும்பாலானவர்களை மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுகிறோம். தெரிந்தவர் யாராவது இந்த ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால் அவரை வீட்டுக்கு வரச் சொல்லி அம்மாவோடு பேசவிடுங்கள். அப்புறம், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை இப்போதே எடுத்துவிடுங்கள். ஆபரேஷனுக்கு வந்தால் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.