வங்கியில் வந்தது 6.1 லட்சம், 26ஏஎஸ்-இல் 8.4 லட்சம்: எதைக் காட்டுவது?

வணக்கம் சகோதரி. 2024-25இல் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் புடவை விற்று வங்கிக்கு வந்தது 6.1 லட்சம்தான், படிவம் 26ஏஎஸ்-இல் (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியல்) 8.4 லட்சம் இருக்கிறது என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள். பதற வேண்டாம். தளம் கமிஷனும் கூரியர் செலவும் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புகிறது. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவில் தளம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பது வாடிக்கையாளர் கொடுத்த மொத்த விலையில்.

வங்கித் தொகையை விற்பனை என்று மட்டும் காட்டிவிடாதீர்கள். முதல் வருடம் நான் செய்த தவறு அதுதான், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தளத்திலிருந்து மாதாந்திர விற்பனை அறிக்கைகளை இறக்கி, திரும்பி வந்த புடவைகளை மட்டும் கழியுங்கள். உங்கள் விஷயத்தில் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். திரும்பி வந்த ஒவ்வொரு புடவைக்கும் ஆதாரம் வைத்திருங்கள்.

திரும்பி வந்தவை போக 8 லட்சம் நிற்கிறது என்று வையுங்கள். செலவுகளைத் தனித்தனியாகக் கழிக்காமல் விற்பனையில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்ட விடும் 44ஏடி பிரிவில் வங்கி வழியே வந்த விற்பனைக்குக் குறைந்தது 6 சதவீதம், அதாவது 48,000 ரூபாய் லாபமாகக் காட்டலாம். உண்மை லாபம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் காட்ட வேண்டும். கமிஷனை மறுபடி தனியாகக் கழிக்க முடியாது.

சரி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய எந்தப் படிவம்? ஐடிஆர்-4. பங்கு விற்ற குறுகிய கால லாபம் ஏதும் இருந்தால் அது பொருந்தாது, ஐடிஆர்-3 போட வேண்டும். வரி வராவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள், பிடித்த டிடிஎஸ் அப்போதுதான் திரும்பி வரும்.