150-லேயே நிற்கும் இதயத் துடிப்பு: இசிஜியில் எதைத் தேடுவது?

கேள்வி: அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் இளம் டாக்டர் நான். 68 வயதுப் பெரியவர் ஒருவர் படபடப்பு, லேசான மூச்சுத்திணறலோடு வந்தார். துடிப்பு 150. 'சைனஸ் டாக்கிகார்டியா' (இதயத்தின் இயல்பான துடிப்பே வேகமாவது) என்று இசிஜி மெஷின் அச்சடித்திருந்தது. அதை நம்பி சலைன் ஏற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்தும் அதே 150. சீனியர் வந்து பார்த்ததுமே "ஏட்ரியல் ஃப்ளட்டர்" என்றார். நான் எதைக் கவனிக்கத் தவறினேன்?

பதில்: நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது டாக்டர்: "இரண்டு மணி நேரம் கழித்தும் அதே 150". சைனஸ் துடிப்பு அப்படி ஆணி அடித்தாற்போல நிற்காது. காய்ச்சல், வலி, ரத்த இழப்பு என்று காரணம் எதுவானாலும், நோயாளி புரண்டு படுத்தால்கூட ஐந்து, பத்து ஏறி இறங்கும். மானிட்டரைச் சில நிமிடம் விடாமல் பாருங்கள். எண் அசையவே இல்லையென்றால் மெஷின் சொன்னதைச் சந்தேகிக்க வேண்டும்.

வயதையும் கணக்கில் எடுங்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் சைனஸ் துடிப்பின் உச்சம் தோராயமாகக் கிடைக்கும். அவருக்கு அது 152. மூச்சிரைக்க ஓடினால் வரக்கூடிய துடிப்பு, படுக்கையில் கிடப்பவருக்கு ஏன் வருகிறது?

ஃப்ளட்டரில் இதயத்தின் மேலறை நிமிடத்துக்கு 300 தடவை அளவில் துடிக்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏவி நோடு பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் கீழே விடும். 150 வருவது அதனால்தான். இசிஜியில் லீட் 2, 3, ஏவிஎஃப் (இதயத்தைக் கீழிருந்து பார்க்கும் பதிவுகள்) மூன்றிலும் ரம்பப் பல் போல அலை தெரியும் என்று படித்திருப்போம். ஆனால் 2:1 ஃப்ளட்டரில் ஒரு பல் கியூஆர்எஸ்ஸுக்குள்ளோ (கீழறை துடிக்கும்போது வரும் கூரிய அலை), அதன் பின் வரும் டி அலைக்குள்ளோ புதைந்துவிடும். மிஞ்சியது அசல் பி அலை (மேலறையின் இயல்பான அலை) போலவே இருக்கும். மெஷின் ஏமாறுவது இங்கேதான், நாமும்தான். இரண்டு கியூஆர்எஸ்ஸுக்குச் சரியாக நட்டநடுவில் 'பி' உட்கார்ந்திருந்தால், அதன் ஜோடி கியூஆர்எஸ்ஸுக்குள் ஒளிந்திருக்கலாம். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தும், வி1 லீடைத் தனியாகவும் பாருங்கள்.

அப்படியும் தெளிவில்லை, பிபி நன்றாக இருக்கிறது, கியூஆர்எஸ் குறுகலாக, சீராக இருக்கிறது என்றால் முதலில் வால்சால்வா (மூச்சை அடக்கி முக்குவது). 15 விநாடி முக்கச் சொல்லி, உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை 15 விநாடி தூக்கிப் பிடிக்கும் முறையில் எஸ்விடி (ஏவி நோடு வழியாகச் சுற்றும் மின்சுற்றால் வரும் வேகத் துடிப்பு) நோயாளிகளில் 43 சதவீதம் பேர் சைனஸுக்குத் திரும்பினார்கள் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. வழக்கமான முறையில் அது 17 சதவீதம்தான். அதற்கும் மசியாவிட்டால், ஏவி நோடைச் சில விநாடி தடுக்கும் அடினோசின் 6 மில்லிகிராம். பெரிய சிரையில் வேகமாகச் செலுத்தி உடனே சலைன் ஃப்ளஷ். ஆஸ்துமா உண்டா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். மருந்து போகும்போது இசிஜி ஓடிக்கொண்டே இருக்கட்டும். எஸ்விடி என்றால் பெரும்பாலும் நின்றுவிடும். ஃப்ளட்டர் நிற்காது, ஆனால் சில விநாடிகள் கியூஆர்எஸ் விலகி, ரம்பப் பற்கள் வெளியே வரும். அந்தச் சில விநாடிகளைப் பதிவுசெய்யாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நெஞ்சை அழுத்துவது போல, உயிரே போவது போல ஒரு கணம் இருக்கும், சட்டென்று சரியாகிவிடும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் கொடுப்பது கொடுமை.

இதெல்லாம் நோயாளி தாக்குப்பிடிக்கும்போது மட்டும். இந்தத் துடிப்பாலேயே பிபி சரிகிறது, நினைவு தடுமாறுகிறது, நெஞ்சு வலிக்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது என்றால் அலைகளை ஆராய்ந்துகொண்டிருக்காமல் சிங்க்ரனைஸ்டு ஷாக் (கியூஆர்எஸ்ஸோடு ஒத்திசைத்த மின்னதிர்ச்சி) கொடுக்க வேண்டும். சைனஸுக்கு மட்டும் ஷாக் பயன்படாது. அங்கே ரத்தக் கசிவு, செப்சிஸ் (உடல் முழுதும் பாதிக்கும் கடும் நோய்த்தொற்று), நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு என்று காரணத்தைத் தேட வேண்டும்.

கியூஆர்எஸ் மூன்று சின்னக் கட்டத்துக்கு மேல் அகன்று, சீராக ஓடினால் வேறு நிரூபணம் கிடைக்கும்வரை அது விடிதான் (கீழறையிலிருந்தே கிளம்பும் வேகத் துடிப்பு). 'பிபி 130 இருக்கிறதே, விடியாக இருக்காது' என்ற நினைப்பு ஆபத்தானது. முன்பு மாரடைப்பு வந்திருக்கிறதா என்ற ஒரு கேள்வி பல சூத்திரங்களைவிட உதவும். விடியை எஸ்விடி என்று நினைத்து வெரப்பமில் போட்டால் நோயாளி சரிந்துவிடலாம். அகலமாக இருந்தும் 120-ஐத் தாண்டவில்லையென்றால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கிறதா என்று நினையுங்கள்.

சீரற்ற துடிப்பு பெரும்பாலும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கின்றி நடுங்குவது). ஆனால் 200-ஐத் தாண்டி, அகலமும் துடிப்புக்குத் துடிப்பு மாறினால் டபிள்யூபிடபிள்யூ (ஏவி நோடைச் சுற்றிப் போகும் கூடுதல் மின்பாதை) சந்தேகம். அப்போது அடினோசின், வெரப்பமில், டிகாக்சின் எதையும் தொடாதீர்கள்.

அந்தப் பெரியவரிடம் படபடப்பு எப்போது தொடங்கியது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். ஃப்ளட்டரிலும் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம் என்பதால் அந்த நேரம் முக்கியம். சைனஸுக்குத் திரும்பியதும் இன்னொரு இசிஜி எடுத்து, பழையதோடு சேர்த்துக் கேஸ் ஷீட்டில் வையுங்கள். அடுத்த முறை அவரைப் பார்க்கும் டாக்டருக்கு அவருடைய நிஜமான பி அலை எப்படி இருக்கும் என்று தெரியும்.