40 நாய், ஒரே ஒரு அம்மா, நாங்க என்ன பண்றது?

கேள்வி: எங்க ஏரியாவுல ஒரு அம்மா தனியாளா 40 தெருநாய்ங்களை வெச்சு பாத்துக்கிறாங்க. நாங்க ஆறு பேர் லீவு நாள்ல போய் உதவி பண்றோம். ஆனா போனாலே எரிஞ்சு விழறாங்க, "உங்களை நம்பி என்ன பிரயோஜனம்"னு கேக்குறாங்க. போன மாசம் நாலு குட்டி ரத்த பேதியாகி வரிசையா செத்துப்போச்சு. இந்த நிலைமையிலயும் புதுசு புதுசா நாய் வந்துட்டேதான் இருக்கு. எங்கள்ல ரெண்டு பேர் கடுப்பாகி நின்னுட்டாங்க. மத்தவங்களும் நின்னுடலாமா?

பதில்: நிக்காதீங்க தம்பி, ஆனா இப்ப போற மாதிரியும் போகாதீங்க.

அந்த அம்மா கத்துறது எனக்கு தப்பா தெரியல. ஆறு பேரும் ஒரே நாள்ல போய் நின்னா அன்னிக்கு கூட்டம்தான், மீதி ஆறு நாளும் தரை கழுவுறது, பாத்திரம் தேய்க்கறது, புண்ணுக்கு மருந்து போடுறதுன்னு எல்லாம் அவங்க ஒருத்தர் தலைமேலதானே. நாய்க்கு லீவு நாள் கிடையாது. அதனால ஆளுக்கு ஒரு நாள், ஒரு வேலைன்னு பிரிச்சுக்கோங்க, வர முடியலன்னா முந்தின நாளே சொல்லிடுங்க. எந்த வேலைன்னு நீங்களா முடிவு பண்ணிட்டு போகாதீங்க, "உங்களுக்கு எது ரொம்ப முடியல"ன்னு அவங்ககிட்டயே கேளுங்க. அனேகமா குட்டிய கொஞ்சுற வேலைய சொல்ல மாட்டாங்க, பீ அள்ளுறதையோ டாக்டர்கிட்ட தூக்கிட்டு போறதையோதான் சொல்லுவாங்க.

இன்னொன்னு, எந்த நாய் மாத்திரைய கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டு நீங்க அந்தப்பக்கம் திரும்பினதும் துப்பிட்டு போகும், எது காலை தொட்டா கடிக்க வரும், இதெல்லாம் அவங்க மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அவங்க ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா அத்தனையும் போச்சு. ஒரு நோட்டு போட்டு, நாய் பேரு, அடையாளம், ஊசி போட்ட தேதி, எந்த மருந்து எத்தனை வேளைன்னு அவங்க சொல்ல சொல்ல எழுதிக்கோங்க. சும்மா உக்காந்து பேசுற மாதிரி இருக்கும், ஆனா பெரிய உதவி.

அந்த குட்டிங்க விஷயம், டாக்டர்தான் உறுதியா சொல்லணும், இருந்தாலும் ரத்த பேதி, வரிசையா சாவுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பார்வோ வைரஸ். இது மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், தரை துடைக்கிற கிளீனர் பலதுக்கும் அசையாது. ப்ளீச்தான் கேக்கும், 1 பங்குக்கு 30 பங்கு தண்ணி, ஆனா அழுக்க முழுசா தேய்ச்சு கழுவின அப்புறம்தான் ஊத்தணும், அழுக்கு மேலயே ஊத்தினா வேலை செய்யாது, 10 நிமிஷம் ஊற விட்டு அலசி காய வெச்சுட்டுதான் நாய்ங்கள விடணும். உங்க செருப்புலயும் துணியிலயும் கூட இது ஒட்டிட்டு போகும்ங்கறதால முதல்ல ஆரோக்கியமான குட்டிங்ககிட்ட போங்க, நோயாளிங்கள கடைசியா பாருங்க. தடுப்பூசி 6-8 வாரத்துல தொடங்கி 3, 4 வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் வயசு ஆகுற வரைக்கும் போடணும், ஒண்ணோட நிறுத்திட்டா பத்தாது. புதுசா வர்ற எதையும் ரெண்டு வாரமாவது தனியா வெச்சுட்டு அப்புறம் மத்ததோட சேருங்க.

இப்ப அசல் சிக்கலுக்கு வர்றேன். நாய் எப்படி வருது? பாதி அவங்களா தூக்கிட்டு வர்றது, பாதி ஊர்க்காரங்க வாசல்ல விட்டுட்டு போறது, இல்ல போன் பண்ணி "நீங்கதான் நாய் வளக்கறீங்களே"ன்னு தள்ளி விடறது, இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். அவங்களால முடியாதுன்னு சொல்ல வராது, சொல்ல வந்திருந்தா 40 ஆகியிருக்காது. அந்த போனை நீங்க எடுங்க. நாத்தம் தாங்காம நின்னுபோனவங்க இருந்தா வீட்ல உக்காந்தே இத பண்ணலாம், கூப்பிடறவங்ககிட்ட "இடம் இல்ல, கருத்தடைக்கும் வைத்தியத்துக்கும் நாங்க கூட வர்றோம், நாய் உங்க தெருவுலயே இருக்கட்டும்"னு சொல்லட்டும், போட்டோ போட்டு தத்துக்கும் ஆள் தேடட்டும். உள்ள இருக்கறதுல கருத்தடை ஆகாத பொட்டை ஒண்ணு இருந்தாலும் அதுக்குத்தான் முதல் செலவு, சினை காலம் சுமார் 63 நாள்தான், அசந்தா இன்னொரு கூட்டம் குட்டி. எத்தனை நாய் வரைக்கும்னு அவங்களே ஒரு நம்பர் சொல்லட்டும். அதையும் ஒத்துக்காம, நாய்ங்க மெலிஞ்சு புண்ணோட கிடக்குறப்பவும் சேத்துக்கிட்டே போனா அது பாசம்ங்கற கட்டத்தை தாண்டிடுச்சு, அவங்க நம்புற டாக்டர வெச்சு பேசுங்க.

காசு குடுக்கறதா இருந்தா டாக்டர் பில்லை நேரா கட்டிடுங்க, பின்னாடி மனஸ்தாபம் வராது.

கடைசியா உங்க பாடு. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போட்டுக்கற ஊசி இருக்கு, உலக சுகாதார நிறுவனம் 2018ல இருந்து முதல்ல ஒண்ணு, சரியா 7 நாள் கழிச்சு இன்னொண்ணுன்னு ரெண்டு டோஸ் சொல்லுது. அது போட்டிருந்தாலும் கடியோ கீறலோ பட்டா 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், "நம்ம நாய்தானே"ன்னு விடக்கூடாது, ஏன்னா அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரையும் காப்பாத்த முடியாது. இதுவரைக்கும் யாரும் போடலைன்னா அடுத்த தடவை அங்க போறதுக்கு முன்னாடி போய் போட்டுக்கோங்க, அந்த அம்மாவையும் கையோட கூட்டிட்டு போங்க.