பொட்டு வைத்த சகோதரியும் சான்றிதழ் வைத்த தம்பியும்

கேள்வி: எங்கள் சபைக்கு ஒரு சகோதரி தவறாமல் வருகிறார். கணவர் வீட்டார் இந்துக்கள். பொட்டோடுதான் வருகிறார். ஞானஸ்நானம் பற்றிக் கேட்டால், "வீட்டில் தெரியாது" என்கிறார். பாடகர் குழுவில் ஒரு தம்பி இருக்கிறார். ஞானஸ்நானம் பெற்றவர், ஆனால் பட்டியல் சாதிச் சான்றிதழில் இந்து. மத்தேயு 10:33-இன்படி இருவரும் கிறிஸ்துவை மறுதலிப்பவர்கள்தானே? இவர்களைச் சபையில் அனுமதிக்கலாமா?
– சேகரக் கமிட்டி உறுப்பினர் ஒருவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ஆலய வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கும் வேலையைக் கமிட்டிக்கு யார் கொடுத்தார்கள்? அது இருக்கட்டும். இருவரையும் ஒரே கயிற்றில் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த முடிச்சை முதலில் அவிழ்த்துவிடுகிறேன்.

பொட்டைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. தமிழ்நாட்டில் கத்தோலிக்கப் பெண்கள் பலர் பொட்டு வைத்துக்கொண்டே திருப்பலிக்குப் போகிறார்கள்.

நீங்கள் காட்டிய வசனம் கடுமையானது: மனுஷர் முன்பாகத் தம்மை மறுதலிக்கிறவனைத் தாமும் பிதாவின் முன்பாக மறுதலிப்பேன் என்கிறார் இயேசு. அதை மழுப்ப மாட்டேன். ஆனால் அதே அதிகாரத்தில் பத்து வசனம் மேலே போய்ப் பாருங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவரும் அதே ஆண்டவர்தான். இயேசுவின் சீடன் பேதுரு அவரை மறுதலித்தது எப்போது? நீயும் அவனோடு இருந்தாயே என்று நேருக்கு நேர் கேட்டபோது, அந்த மனுஷனை அறியேன் என்று சத்தியம் செய்தான். உங்கள் சகோதரி யாரிடமும் அப்படிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவிசுவாசியான கணவனோடு வாழும் மனைவிக்கென்றே பேதுரு பின்னாளில் தன் முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதினான். போதனையின்றி, நடக்கையினாலேயே கணவனை ஆதாயப்படுத்தலாம் என்கிறான். நம்பிக்கையைக் குறித்து விசாரிப்பவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பதும் அதே அதிகாரம்தான். கேட்டால் சொல் என்பதுதான் அங்கே கட்டளை.

உங்கள் ஊரிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம், சிவகாசியைப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனெரிப் பெண்களும் வேதாகமப் பெண்கள் எனப்பட்ட உள்ளூர் ஊழியக்காரிகளும் வீடுவீடாகச் சென்று நாடார் குடும்பத்துப் பெண்களுக்கு வாசிக்கவும் ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் ஞானஸ்நானம் பெறாமலும் குடும்பத்தை விட்டுப் பிரியாமலும் உள்ளூர இயேசுவை மட்டும் நம்பி வாழ்ந்தார்கள். ரகசியக் கிறிஸ்தவர்கள் என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. அவர்களில் எத்தனை பேரை உங்கள் கமிட்டி வெளியே அனுப்பியிருக்கும்?

ஞானஸ்நானம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரோமர் 10:9 வாயினால் அறிக்கை செய்யத்தான் சொல்கிறது. அந்த நாள் வரும்போது சகோதரி ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டார் கதவைச் சாத்தினால் அன்று இரவு அவர் எங்கே படுப்பார்? உங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதா? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குச் சபைக் கணக்கில் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? இதற்குப் பதில் இல்லாமல், எல்லார் முன்னும் விசுவாசத்தைச் சொல்ல அவரைச் சாட்சிக் கூட்டத்தில் எழுப்பிவிடாதீர்கள்.

இனி தம்பிக்கு வருகிறேன். இந்த விவகாரத்தைச் சபை முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டீசியஸ், குடிமக்கள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு எழுத்தில் சான்று வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஏறக்குறைய ஒரே வாசகம்: எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானபலி ஊற்றினேன், படைத்ததைச் சுவைத்தேன், சான்று தரக் கேட்டுக்கொள்கிறேன். கீழே அதிகாரிகளின் ஒப்பம், தேதி. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்திகூட இந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறாள். அவளுடைய பக்தியையும் அரசு நம்பவில்லை போலும்!

கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிலர் ஓடி ஒளிந்தார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் மூன்றாவது வகை. மறைவிடத்திலிருந்து கடிதம் எழுதிச் சபையை நடத்தினார், சிறையில் இருந்தவர்களையும் ஏழைகளையும் கவனிக்கப் பணத்துக்கு ஏற்பாடு செய்தார். மேய்ப்பன் ஓடலாமா என்று ரோமாபுரியிலிருந்து குத்தலாகக் கடிதம் வந்தது. 251இல் சபைத் தலைவர்கள் கூடி விசாரித்தபோது, ஓடியவர்களுக்குத் தண்டனை இல்லை. தாள் வாங்கியவர்கள் மனந்திரும்ப வேண்டும், ஆனால் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. சிப்ரியானோ 258இல் விசாரணைக்கு நின்று, கிறிஸ்தவன் என்று சொல்லித் தலையைக் கொடுத்தார். எட்டு வருடம் முன்னால் ஒளிந்த அதே மனிதர்.

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது இனிப்பானதல்ல. வாய் மூடியிருப்பது வேறு, பொய்க்கு ஒப்பம் வாங்குவது வேறு. ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து ஆலயத்துக்குப் போகிறவர், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் சொல்லிவிட்டது. தம்பி அந்தத் தாளை விட்டுவிடத்தான் வேண்டும்.

ஆனால் அதை அவரிடம் சொல்லும் தகுதி உங்களுக்கும் எனக்கும் இருக்கிறதா? 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனான தலித் இன்றும் வெளியே நிற்கிறான்; தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றப்படுகிறான். மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது அந்த ஆணையின் கணக்கு. போய்விட்டதா? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பியவர்கள் யார்? நாம்தான். உள்ளே சாதி பார்த்துவிட்டு வெளியே சலுகையையும் விட்டுவிடு என்றால், தம்பி இரண்டு பக்கமும் அடிவாங்குகிறார். பிறப்பிலேயே கிறிஸ்தவராக, சாதியால் எந்த இழப்பும் இல்லாத குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அறிக்கை ஒரு பைசா செலவில்லாதது. ஊரறிந்த விஷயத்தை ஊருக்குச் சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்?

அறிக்கை செய்யாமல் இருந்தவர்களை வேதம் ஓரிடத்தில் பெயர் சொல்லாமல் குத்துகிறது. யோவான் 12:42-ஐ எடுத்துப் பாருங்கள். விசுவாசித்தும் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோமோ என்று பேசாமல் இருந்தவர்கள் அங்கே வீட்டுக்குள் அடைபட்ட மனைவிகளோ வேலை தேடும் இளைஞர்களோ அல்ல, அதிகாரிகள். மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள் என்று அடுத்த வசனம் காரணமும் சொல்கிறது. நாற்காலி உள்ளவனின் மௌனத்தைத்தான் யோவான் மன்னிக்கவில்லை. திருமண்டலத் (மறைமாவட்டத்) தேர்தலில் பணக் கவர் கைமாறும்போது உங்கள் கமிட்டியில் எத்தனை பேர் வாய் திறந்தீர்கள்? கல்லறையில் இடம் கேட்டு ஒரு தலித் குடும்பம் வந்தபோது என்ன பேசினீர்கள்?

அனுமதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். சகோதரி வரட்டும், அவரைப் பற்றிய பேச்சைக் கமிட்டி நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுப் பிரார்த்தனைக்கு முன்னறிவிப்பின்றி அவர் வாசலில் போய் நிற்காதீர்கள், பத்திரிகைகளையும் தபாலில் அனுப்பாதீர்கள். எங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தம்பியிடம் ஆயர் தனியாகப் பேசட்டும். அந்தத் தாளை அவர் திருப்பிக் கொடுக்கும் நாளில், அவர் படிப்பை முடித்து வேலையில் அமரும்வரை ஆகும் செலவில் ஒரு பங்கைச் சபை ஏற்கும் என்று முதலில் தீர்மானம் போடுங்கள். முன்மொழிபவராக உங்கள் பெயர் இருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.