கறுத்த வெள்ளியைப் பரிசாகக் கொடுக்கலாமா?

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் பழைய வெள்ளிப் பொருட்களைப் பரிசாகக் கொடுக்க நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: அப்பாச்சியின் வெள்ளிப் பன்னீர்ச்செம்பை மகளின் தலைப்பொங்கலுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன். நன்றாகக் கறுத்துப்போய் இருக்கிறது. திருநீறு போட்டு மினுக்கலாமா, பற்பசை நல்லதா? – வாசகி, நல்லூர்

பதில்: பற்பசை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள துகள்கள் பல்லைத் தேய்க்கச் சேர்த்தவை. பல்லின் மேற்பூச்சைவிட வெள்ளி மிக மெதுமையானது. திருநீற்றைப் பெரியவர்கள் பாவித்தது உண்மைதான், சலித்த நீறு மெல்லத்தான் தேய்க்கும். ஆனாலும் சாம்பலில் மணல் போன்ற நுண்துகள் உண்டு. ஆண்டாண்டாய்த் தேய்த்த செம்புகளில் பூவேலையின் இதழ்கள் மழுங்கி, மொழுமொழுவென்று ஆகிவிடும். அந்த இதழை இனி எந்தப் பத்தராலும் பழையபடி கொண்டுவர முடியாது.

கறுப்பு வெறும் ஊத்தை அல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம் அது. வேலைப்பாடு இல்லாத தட்டையான பொருளென்றால் இப்படிச் செய்யுங்கள். பிளாத்திக்குக் கோப்பையின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு லீற்றர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். பொருள் தாளில் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். தொடாவிட்டால் வேலை நடக்காது. கூழ்முட்டை மணம் வந்தால் கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போகிறது என்று அர்த்தம். இரண்டு, மூன்று நிமிடம் போதும். உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

உங்கள் பன்னீர்ச்செம்புக்கு இந்த முறை வேண்டாம். குழிகளில் தங்கிய கறுப்புத்தான் பூவையும் கொடியையும் எடுத்துக் காட்டுகிறது. அது போனால் செம்பு வெளிறி, நேற்று வாங்கியதுபோல் நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு: பழைய வேலைகளில் உள்ளே பொள்ளலான பகுதிகளை அரக்கு ஊற்றி நிரப்பியிருப்பார்கள். கொதிநீர் பட்டால் அரக்கு இளகி, தகடு நெளிந்துவிடும். இளஞ்சூட்டு நீரும் இரண்டு துளி பாத்திரச் சவர்க்காரமும் போட்டுப் பஞ்சால் கழுவுங்கள். பிறகு மருந்துக்கடையில் வாங்கும் நுண்ணிய கல்சியம் காபனேற்றுத் தூளை நீரில் குழைத்து, மேடான இடங்களை மட்டும் மெல்ல ஒற்றித் தேயுங்கள். வகுப்பறை வெண்கட்டியை இடித்துப் போடாதீர்கள், அதில் பருமணிகள் இருக்கும். தெளிக்கும் துளைகள் அடைத்திருந்தால் ஊசி விடாமல், நனைத்த ஈர்க்கின் மெல்லிய நுனியால் குத்தி எடுங்கள். கழுத்துத் திருகைக் கழற்றி, உட்பக்கம் காயும்வரை ஒரு நாள் திறந்தே வைக்கவேண்டும்.

கேள்வி: நத்தாருக்குக் கொடுக்க ஆறு பழைய 'இங்கிலாந்து வெள்ளி'க் கரண்டி வாங்கினேன். பின்னால் 'ஈபிஎன்எஸ்' என்று இருக்கிறது. நல்ல வெள்ளிதானா? – வாசகர், சுன்னாகம்

பதில்: அல்ல. அந்த எழுத்துகள் நிக்கல் வெள்ளியின் மேல் மின்முறையில் பூசிய வெள்ளி முலாம் என்பதைக் குறிக்கின்றன. நிக்கல் வெள்ளி என்பது செம்பு, நிக்கல், நாகம் சேர்ந்த உலோகம். அதில் துளி வெள்ளியும் இல்லை. கரண்டியின் அடிவயிறு மேசையில் உரசும் இடத்தைப் பாருங்கள், முலாம் தேய்ந்து மங்கல் மஞ்சள் தெரியும்.

இங்கிலாந்தில் முத்திரையிட்ட 92.5 வீத வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் உருவம் இருக்கும். அதோடு பரிசோதித்த நகரின் குறியும் நிற்கும்: பேர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்தும் உண்டு. எங்கள் ஊர்ப் பத்தர்மார் செய்த பழைய சிமிழிலும் தட்டத்திலும் இவற்றைத் தேடிப் பயனில்லை.

அவற்றுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.1 கிராம் காட்டும் தராசில் பொருளை நிறுங்கள். பிறகு தண்ணீர்க் கிளாசைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, பொருளை நூலில் கட்டி முழுக்க அமிழ்த்துங்கள். அடியிலோ சுவரிலோ படக்கூடாது. முதல் எண்ணை இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். 62 கிராம் குங்குமச் சிமிழ் தண்ணீரில் 6.0 காட்டினால் விடை 10.3, வெள்ளிக்குப் பொருந்தும். 7.1 காட்டினால் 8.7, பித்தளையோ நிக்கல் வெள்ளியோதான். காற்று அடைபட்ட பொருளுக்கும் அரக்கு நிரப்பியதற்கும் இது சரிவராது. கடைசி உறுதிக்கு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் உரைகல்லில் உரைத்துப் பாருங்கள்.

முலாம் கரண்டியும் நல்ல பரிசுதான். முலாம் என்று சொல்லிக் கொடுங்கள், வெள்ளி விலை கொடுத்து வாங்காதீர்கள்.

கேள்வி: பால்செம்பில் யாரோ ஒருவரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. அழிக்கலாமா? அடியில் ஒரு கசிவும் இருக்கிறது. – வாசகி, பருத்தித்துறை

பதில்: பெயரை விட்டுவிடுங்கள். அராவி அழித்தால் அந்த இடம் மெலிந்து, பெருவிரலால் அழுத்தினாலே குழியும். செம்பு எந்த வீட்டில் இருந்தது என்பதற்கு மிஞ்சிய ஒரே அடையாளம் அந்தப் பெயராகவும் இருக்கலாம்.

கசிவைப் பொறுத்தவரை, அடியில் மங்கிய சாம்பல் நிறத் திட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் முன்பு யாரோ ஈயப்பற்று வைத்திருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுக்காமல் வெள்ளிப் பற்று வைக்க நெருப்புக் காட்டினால், ஈயம் வெள்ளியோடு கலந்து அரித்து ஓட்டை பெரிதாகும். பத்தரிடம் கொடுக்கும்போதே இதைச் சொல்லுங்கள். ஈயம் பிடித்த செம்பில் குழந்தைக்குப் பால் காய்ச்சவோ ஊற்றவோ கூடாது.

கேள்வி: சித்திரை வருடப்பிறப்புக் கைவிசேடத்துக்குப் பழைய வெள்ளிக்காசு வாங்கலாமா? – வாசகர், மானிப்பாய்

பதில்: மிகப் பொருத்தம். ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். பிரித்தானிய இந்திய ஒரு ரூபாய் 11.66 கிராம். விக்டோரியா காலத்திலிருந்து 1939 வரை பொறித்தவற்றில் 91.7 வீதம் வெள்ளி, 1940 முதல் பாதிதான். 1947இல் வந்தது நிக்கல், காந்தம் இழுக்கும். இலங்கை 50 சதம் 1917 வரை 80 வீதம், 1919 முதல் 1942 வரை 55 வீதம். காசை மினுக்கவோ துளையிட்டு வளையம் போடவோ வேண்டாம், சேகரிப்போர் தரும் விலை அதோடு போய்விடும். விளிம்பில் பிடித்து வெற்றிலையில் வையுங்கள்.

கேள்வி: கனடாவிலுள்ள தங்கைக்குப் பாக்குவெட்டி அனுப்பலாமா? – வாசகி, சாவகச்சேரி

பதில்: 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கருத இடமிருந்தால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வயது தெரியாத எதற்கும் திணைக்களத்திடம் முதலில் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதி செய்யும்போது பத்திரிகைத் தாள், கம்பளி, றப்பர் வளையம் மூன்றையும் தவிருங்கள். வெள்ளியைக் கறுக்க வைப்பவை. கஞ்சி போடாத, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றிப் பையை மூடுங்கள்.