ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் பரிசோதனை) கேள்வி-பதில்: எண்ணைப் பார்க்குமுன் வளைகோட்டைப் பாருங்கள்

கே: நோயாளி எவ்வளவு ஊதினாலும் கருவி ஏற்பதில்லை. எத்தனை முறை ஊதச் சொல்லலாம்?

ப: பெரியவர்களுக்கு எட்டு முறை. அதற்குமேல் களைப்புதான் பதிவாகும். பிழையில்லாத மூன்று ஊதல்கள் வேண்டும். அவற்றில் மிகப் பெரிய இரண்டு எஃப்.இ.வி.1 (முதல் விநாடியில் வெளியேறும் காற்று) அளவுகளின் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும். எஃப்.வி.சி.க்கும் (ஒரே மூச்சில் ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று) அதே கணக்கு. சொதப்பினால் உடனே மறுபடி ஊதச் சொல்லாமல் திரையில் வரும் வளைகோட்டைப் பாருங்கள். உச்சி மழுங்கியிருந்தால், தொடக்கத்தில் வேகம் போதவில்லை. முதல் விநாடியில் பள்ளம் விழுந்தால் இருமல், அந்த எஃப்.இ.வி.1 செல்லாது. கோடு செங்குத்தாக விழுந்து நின்றால் தொண்டையை இறுக்கியிருப்பார், அல்லது பாதியில் விட்டிருப்பார். முழுதாக இழுத்த பிறகு இரண்டு விநாடிக்குமேல் அடக்கி நிற்பதும் அளவைக் குறைக்கும். "இழுங்க, இழுங்க, ஊதுங்க!" என்று இடைவெளி விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

கே: ஆறு விநாடி ஊதியே ஆக வேண்டுமா?

ப: அமெரிக்க, ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கங்களின் 2019 வழிகாட்டுதலில் அந்தக் கட்டாயம் இல்லை. கடைசி ஒரு விநாடியில் வந்த காற்று 25 மில்லியைத் தாண்டாவிட்டால் முடிந்தது. இளைஞர்கள் பலருக்கு ஆறு விநாடிக்கு முன்பே காற்று தீர்ந்துவிடும்.

கே: காலையில் இன்ஹேலர் எடுத்துவிட்டேன். பரிசோதனைக்குப் போகலாமா?

ப: எதற்கான பரிசோதனை என்பதைப் பொறுத்தது. தற்போதைய சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கென்றால் தாராளமாகப் போகலாம். எடுத்த நேரத்தை மட்டும் சொல்லுங்கள். நோயைக் கண்டறிவதற்கு என்றால், இன்ஹேலரில் உள்ள மருந்தைப் பொறுத்து, சால்பியூட்டமால் 4-6 மணி, ஃபார்மோட்டரால் 24 மணி, டையோட்ரோபியம் 36-48 மணி இடைவெளி தேவை. மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கே: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்குப் பின் ஊதும் அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் 'பாசிட்டிவ்' (மருந்துக்குப் பலன் உண்டு) என்றுதானே படித்தோம்?

ப: அது அதே சங்கங்களின் 2005 கணக்கு. 2021 முதல், உயர்வு எதிர்பார்ப்பு அளவில் (வயது, உயரம், பாலினம் பார்த்துக் கணக்கிடும் அளவு) 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். எதிர்பார்ப்பு 3.00 லிட்டர், மருந்துக்கு முன் 1.80, பின் 2.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்வு 250 மில்லி. பழைய கணக்கில் 13.9 சதவீதம், பாசிட்டிவ், புதியதில் 8.3, இல்லை. ஆரம்ப அளவு சிறியதாக இருந்தால் சதவீதம் தானாகப் பெருத்துவிடும் என்பதே மாற்றத்துக்குக் காரணம். சால்பியூட்டமால் நூறு மைக்ரோகிராம் வீதம் நான்கு பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வழியாகக் கொடுத்து, 10-15 நிமிடம் காத்திருந்தீர்களா என்பதையும் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஊதவைத்துவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று எழுதுவது அநியாயம்.

கே: எஃப்.வி.சி. குறைந்தால் நுரையீரல் சுருக்க நோயா (நுரையீரல் முழுதாக விரியாத நிலை)?

ப: அவசரப்படாதீர்கள். அரைகுறையாக ஊதினாலும், காற்று உள்ளே தேங்கினாலும் குறையும். மொத்த நுரையீரல் கொள்ளளவை அளக்காமல் உறுதி செய்ய முடியாது.