ஹாரி டீன் ஸ்டான்டன் – கடிதம்

ஐயா, வணக்கம்.

போன மாதம் அமெரிக்க நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டனைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு ‘பாரிஸ், டெக்ஸாஸ்’ பார்த்தேன். அதன் பிறகு இரண்டு நாள் வேறு எதிலும் மனம் ஓடவில்லை. சரி, இவர் நடித்த மற்ற படங்களையும் பார்ப்போம் என்று தேடினால் ஏமாற்றம்தான். எதிலும் ஓரமாக நிற்கிறார், அல்லது பாதியிலேயே செத்துப்போகிறார். முப்பது வருடம் இப்படிப் போய், 57 வயதில்தான் ஒரு முழு வேடம் கிடைத்திருக்கிறது. ஆஸ்கருக்கு ஒரு தடவைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. இவரை சினிமா வீணடித்துவிட்டது என்றுதானே சொல்ல வேண்டும்? நீங்கள் எப்படிக் கொடுத்துவைத்தவர் என்று எழுதினீர்கள்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

ஒரு நடிகருக்காக இவ்வளவு ஆதங்கப்பட ஆள் இருப்பதே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவர் வீணாய்ப்போனார் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்டான்டன் 1926இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். அப்பா புகையிலை பயிரிட்டார், முடிதிருத்தும் வேலையும் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் ஸ்டான்டன் கடற்படையில் சேர்ந்து கப்பலில் சமையல்காரராக இருந்தார், ஜப்பானின் ஒக்கினாவா தீவில் நடந்த சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்தார். திரும்பி வந்து கல்லூரி, நாடகம், அப்புறம் கலிபோர்னியா. ஐம்பதுகளின் நடுவில் கேமரா முன்னால் வந்தபோது முப்பதை நெருங்கிவிட்டார்.

அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த முப்பது வருடம் புரியும். 1959 வாக்கில் மாலை நேரத்தில் மட்டும் ஏறக்குறைய 30 வெஸ்டர்ன் தொடர்கள், அதாவது குதிரையும் துப்பாக்கியுமான கதைகள், ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வாராவாரம் புதிதாக ஒரு திருடன், ஒரு அடியாள், ஒரு சாட்சி வேண்டும். நாயகன் அடுத்த வாரமும் வருவான், விருந்தாளியாக வந்த நடிகர் இந்த வாரமே செத்தாக வேண்டும். ‘கன்ஸ்மோக்’ தொடரில் ஸ்டான்டன் பல தடவை வருகிறார், ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாக. ‘ராஹைட்’, ‘பொனான்சா’ என்று எல்லாத் தொடர்களிலும் அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்க்கலாம். படப்பிடிப்பு சில நாளில் முடிந்துவிடும், ஒத்திகைக்கு நேரம் கிடையாது. வசனம் நான்கு வரி. அதற்குள் இந்த ஆள் எங்கிருந்து வருகிறான், நேற்று ராத்திரி தூங்கினானா, யாருக்குப் பயப்படுகிறான் என்பதெல்லாம் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிட வேண்டும். பல நடிகர்கள் இந்த நெருக்கடியில் குரலை உயர்த்துவார்கள், முகத்தைக் கோணுவார்கள். ஸ்டான்டன் குறைக்கக் கற்றுக்கொண்டார். 1966இல் நடிகர் ஜாக் நிக்கல்சன் தான் எழுதிய ஒரு வெஸ்டர்ன் படத்தில் அவருக்கு வேடம் கொடுத்துவிட்டு, நடிக்காதே, நடிப்பை உடுப்பு பார்த்துக்கொள்ளும், நீ நீயாகவே இரு என்றாராம். அதைத் தன்னுடைய பாடமாகவே ஸ்டான்டன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

‘ஏலியன்’ (1979) படத்தை நீங்கள் ‘பாதியில் செத்துப்போகிறார்’ கணக்கில் சேர்த்திருப்பீர்கள். தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள். அதில் அவர் விண்கலத்தின் அடித்தளத்தில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிரெட். மேல்தளத்து ஆட்களைவிட எங்களுக்கு ஏன் பங்கு குறைவு என்று கூட்டாளியோடு சேர்ந்து முனகுகிறவர். தொலைந்த பூனையைத் தேடி ஒரு பெரிய கூடத்துக்குள் போகிறார். மேலே சங்கிலிகள் தொங்குகின்றன, எங்கிருந்தோ தண்ணீர் சொட்டுகிறது. அங்கே நின்று, தொப்பியைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தித் தண்ணீரை வாங்கிக்கொள்கிறார். சில நொடிதான். புழுக்கத்தில் வேலை செய்து களைத்த ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த சின்ன சுகம் அது. கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் அடுத்து வரப்போகும் சாவு நம்மைத் தாக்குவதற்கு அந்தச் சில நொடிதான் காரணம், செத்தது ஒரு மனிதர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட், ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் படம் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று ஒரு விதியே எழுதினார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். காரணம் கேட்டால் இந்த மாதிரி நொடிகளைத்தான் நான் காட்டுவேன்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவரே சலித்துப்போயிருந்தார். சாண்டா ஃபேயில் ஒரு மதுக்கூடத்தில் நாடகாசிரியர் சாம் ஷெப்பர்டிடம், இந்த வேடங்களெல்லாம் போதும், கொஞ்சம் அழகும் மென்மையும் உள்ள ஒன்றில் நடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வாய்ப்பு கேட்டுச் சொன்னதில்லை, மனதில் இருந்ததைக் கொட்டினார், அவ்வளவுதான். அந்தப் பேச்சுதான் ‘பாரிஸ், டெக்ஸாஸ்’ ஆக வந்தது. விம் வெண்டர்ஸ் இயக்கினார், 1984இல் கான் விழாவில் தங்கப்பனை விருது கிடைத்தது.

அதில் அவர் நடித்த டிராவிஸ் இருபது நிமிடத்துக்கு மேல் வாயே திறப்பதில்லை. உங்களை உலுக்கியது கடைசியில் வரும் கண்ணாடி அறைக் காட்சி என்று நினைக்கிறேன். அவர் பக்கத்திலிருந்து, பிரிந்துபோன மனைவியைப் பார்க்கலாம், அவளால் அவரைப் பார்க்க முடியாது. பார்க்க முடிந்த அந்த மனிதர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாரோ இரண்டு பேருடைய கதை போலத் தங்கள் கதையைச் சொல்கிறார். குரல் ஏறுவதே இல்லை. சந்தேகத்தால் ஒரு குடும்பத்தையே நாசமாக்கியவர், தன் பக்கம் பரிதாபம் திரும்பிவிடாமல் கவனமாகப் பேசுகிறார். நான்கு வரி வசனத்தில் முழு ஆளைக் காட்டப் பழகிய ஒருவருக்கு இத்தனை பக்கம் கிடைத்தால் அதை என்ன செய்வார் என்பதற்கு அந்தக் காட்சிதான் பதில். அந்த முப்பது வருடத்தைக் கழித்துவிட்டு இந்தக் காட்சியை என்னால் யோசிக்க முடியவில்லை.

இதற்குப் பிறகும் முழு வேடங்கள் வரிசையில் வந்து நிற்கவில்லை. ஹாலிவுட் மேல் எனக்குள்ள வருத்தம் அதுதான். அவரோ பழையபடி அப்பாவாக, கைதியாக, துப்பறிவாளராக நடித்துக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய 80 வயதில் தொலைக்காட்சி அவரைத் திரும்பக் கூப்பிட்டது. ‘பிக் லவ்’ தொடரில் பலதார மணக் கூட்டமொன்றின் தலைவர், தன்னையே தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்ளும் ரோமன் கிராண்ட். ஒரு கிழவர் மெல்லிய குரலில் கனிவாகப் பேசப் பேச நமக்குக் கிலி பிடிக்கிறது. 2017இல் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ தொடர்ச்சியில் நேர் எதிர்: டிரெய்லர் (வண்டி வீடு) குடியிருப்பை நடத்தும் கார்ல். ஒரு சிறுவன் வண்டியில் அடிபட்டுச் சாக, சுற்றி நிற்கிறவர்கள் அசையாமல் பார்க்கிறார்கள். கார்ல் மட்டும் நடந்து போய் அந்தத் தாயின் அருகில் மண்டியிட்டு, அவள் மேல் கைவைத்து, கண்ணைப் பார்க்கிறார். எனக்கு அந்தத் தொடரில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

இன்னொரு படத்தையும் சொல்லாமல் விட முடியாது. இயக்குநர் டேவிட் லிஞ்சின் ‘தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி’ (1999). பேச்சுவார்த்தை அறுந்துபோன சகோதரருக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டு, ஒரு முதியவர் புல்வெட்டும் வண்டியிலேயே ஐயோவாவிலிருந்து விஸ்கான்சின் போகிறார். படம் முழுக்க ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த். அவர் பல்லாண்டுகள் வெஸ்டர்ன் படங்களில் குதிரையிலிருந்து விழுந்து பிழைத்த சண்டைக் கலைஞர். இந்தப் படத்தில் நடித்தபோது அவருக்குப் புற்றுநோய். ஸ்டான்டன் அந்தச் சகோதரர். கடைசி ஓரிரு நிமிடம் மட்டும் வருகிறார். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்க இதிலேயா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். கண் நிறைகிறது. படம் முழுக்க நாம் காத்திருந்த முகம் அது. அந்த முகம் கொஞ்சம் பொய்யாக இருந்திருந்தாலும் படம் கவிழ்ந்திருக்கும். இப்படி ஒரு பொறுப்பை இரண்டு நிமிடத்துக்கு ஒருவரை நம்பிக் கொடுக்கிறார்கள் என்றால், அவரை எப்படி நான் வீணடிக்கப்பட்டவர் என்று சொல்வேன்?

நீங்கள் அடுத்து ‘லக்கி’ பாருங்கள். அதில் அவர்தான் நாயகன், ஏறக்குறைய 90 வயதில் நடித்தது. 2017 செப்டம்பரில் அவர் இறந்து இரண்டு வாரத்தில் திரைக்கு வந்தது. ஒக்கினாவா பற்றி இரண்டு பழைய சிப்பாய்கள் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் டாம் ஸ்கெரிட், ‘ஏலியன்’ விண்கலத்தின் கேப்டன். அதனால் ‘ஏலியன்’ பார்த்த கையோடு இதைப் பார்த்தால் நல்லது. பழைய ‘கன்ஸ்மோக்’ அத்தியாயம் ஏதாவது கிடைத்தால் அதையும் விடாதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.